கோதுமைக்கு நடுவே தக்காளி

புதிதாக வருகிறவர்கள் கோதுமையில் ஆரம்பிப்பதுதான் நல்லது. பார்க்க அழகாக இருக்காது, தங்கக் காயினும் பெரிதாகச் சேராது. ஆனால் கோதுமை பொறுத்துக்கொள்ளும். விளைந்த பிறகு இரண்டு நாள் எட்டிப் பார்க்காமல் விட்டாலும் அப்படியே நிற்கும். ஸ்ட்ராபெரிக்கு அந்தப் பொறுமை கிடையாது. விளைந்து மூன்று மணி நேரத்துக்குள் பறிக்காவிட்டால் கருகிவிடும். நீங்களோ முதல் நாளே ஆசை ஆசையாக ஸ்ட்ராபெரியைத்தான் நடுகிறீர்கள். மறுநாள் காலையில் குரூப்பில் அழுகிற பொம்மையாகப் போட்டுத் தள்ளுகிறீர்கள்.

இந்தப் பண்ணை விளையாட்டில் நான் ஆறு வருடமாக இருக்கிறேன். யார் என்ன கேட்டாலும் கோதுமை, கோதுமை என்று சொல்லிச் சொல்லி 'கோதுமை அக்கா' என்று பெயரே வைத்துவிட்டீர்கள். அக்காவுக்குக் கோபமே வராது என்றும் பேசிக்கொள்கிறீர்கள். என் பிழைப்பு அப்படி. ஒரு பிரிட்ஜ் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே போன் எடுக்கிறேன். பிரிட்ஜ் கெட்டுப்போனவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். நான் "உங்க சிரமம் எனக்குப் புரியுது மேடம்" என்பேன். பதினான்கு வருடம் அப்படிப் பேசிப் பேசிக் குரலை உயர்த்துவது எப்படி என்பதே மறந்துவிட்டது.

போன வாரம் இந்தக் குரூப்புக்குப் புதிதாக வந்த ஒருவர் ஒரு படத்தைப் போட்டுக் கேட்டிருந்தார். "இது எங்கம்மா பண்ணை. அம்மா இப்ப இல்ல. கேட்டை ஒட்டி அஞ்சு தக்காளி மட்டும் நிக்குது, மத்ததெல்லாம் கோதுமை. இது ஏதாவது டெக்னிக்கா? அம்மா என்ன நெனச்சு நட்டிருப்பாங்க?" பதினான்கு பேர் பதில் சொல்லியிருக்கிறீர்கள். வேலியோரம் தக்காளி வைத்தால் காக்கா வராது என்கிறார் ஒருவர். அப்படி எதுவும் இந்த விளையாட்டில் இல்லை. அந்த மாதத்துப் போட்டிக்காக நட்டிருப்பார்கள் என்று ஒருவர். "வயசானவங்க, விரல் தவறிப் பட்டிருக்கும், பாவம்" என்று ஒருவர் எழுதியதற்குத்தான் நிறைய பேர் இதயம் போட்டிருக்கிறீர்கள். நானும் ஒன்று போட்டேன்.

கேட்டவன் என் கூடப்பிறந்த தம்பி. அந்தத் தக்காளியைப் பற்றிச் சரியான பதில் தெரிந்த ஒரே ஆள் நான். படத்தில் ஐந்து செடி இருக்கிறது. ஏழு செடியை அதற்கு முன்பே பறித்தாகிவிட்டது. பறித்தது நான். அவன் குரூப்பில் கேட்டான், அதனால் பதிலையும் குரூப்பிலேயே எழுதுகிறேன். இனி அவனோடு நேராகப் பேசப்போகிறேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். புதியவர்கள் தெரிந்துகொள்ளவும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

தம்பி, அம்மாவுக்கு இந்த விளையாட்டைப் பழக்கியது நான்தான். உனக்கே தெரியும். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்தபோது, ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் படுக்கை விரிப்பு மடித்த கை, துணி மாதிரி மடியில் கிடந்தது. பேச்சும் போய்விட்டது. பயிற்சி கொடுக்க வந்த பெண், "இடது கை விரலுக்கு ஏதாவது வேலை குடுத்துக்கிட்டே இருங்க, போன்ல விளையாட்டுன்னாகூட நல்லதுதான்" என்றாள். நான் ஒரு டேப் வாங்கி, அம்மா பெயரில் பண்ணை திறந்து, நாற்பத்தெட்டுப் பாத்தியும் வெட்டிக் கொடுத்தேன். பாஸ்வேர்டு போட்டதும் நான்தான். அந்தப் பண்ணை என் போனிலும் திறக்கும். அம்மாவுக்கு இது தெரியாது. பண்ணை என்பது டேப்புக்குள் இருக்கிற ஒரு இடம், அதற்குள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மட்டும்தான் வந்து போக முடியும் என்று நினைத்திருந்தாள். புதியவர்கள் பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்க வேண்டாம். வீட்டு ஆளாக இருந்தாலும் வேண்டாம்.

முதல் மாதம் அம்மாவும் ஸ்ட்ராபெரிதான் நட்டாள். எல்லாம் கருகியது. ஒவ்வொரு தடவையும் கருகிய செடியை விரலால் தொட்டுத் தொட்டு என்னைப் பார்ப்பாள். நான் கோதுமைக்கு மாற்றினேன். ஒரு பயிர் எத்தனை மணி நேரத்தில் விளையும், நாம் எப்போது திரும்பி வருவோம், இந்த இரண்டையும் பார்த்து நட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அம்மா கெட்டிக்காரி. தக்காளி ஆறு மணி நேரம், கேரட் எட்டு மணி நேரம் என்று பிடித்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, விரலை மடக்கி, எனக்கே கணக்குச் சொல்வாள்.

அடுத்தது பக்கத்துப் பண்ணைக்காரர்கள். தனியாக இருந்து இந்த விளையாட்டில் முன்னேறவே முடியாது. தினமும் ஒருவர் வந்து தண்ணீர் ஊற்றினால் பயிர் செழிக்கும். விளைந்ததைப் பறித்து, மறுபடி விதைத்தும் கொடுக்கலாம். நான் உன்னைச் சேர்த்துவிட்டேன். வெளிநாட்டில், துறைமுகத்துக் கிரேன் கூண்டில் உட்கார்ந்து, உனக்குச் சாப்பாட்டு இடைவேளை விடுகிற நேரத்துக்கு, அதாவது இங்கே சாயங்காலம் நாலு மணிக்கு, நீ வருவாய். வைக்கோல் தொப்பி போட்ட சின்னப் பொம்மையாக, வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்தி பாத்தியாக ஓடுவாய். அம்மா உன் தொப்பியைத் தொட்டுத் தடவப் பார்ப்பாள். தொட்டதும் கடை திறந்துகொண்டு, கோழி வேண்டுமா, குதிரை வேண்டுமா என்று கேட்கும். இப்படி வேண்டாத கோழி பதினொன்று வாங்கியிருக்கிறாள். அந்த ஐந்து நிமிடத்துக்காக அவள் மத்தியானத்திலிருந்து காத்திருப்பாள். என் பண்ணையும் அவளுக்குப் பக்கத்துப் பண்ணைதான். நானும் தினம் போய்த் தண்ணீர் ஊற்றினேன். என் பொம்மைக்கு நீலத் தாவணி. அதை அவள் தொட்டுப் பார்த்ததில்லை. நான்தான் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறேனே.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நீ ஒன்பது நாள் வந்திருந்தாய். அதில் எனக்குச் சந்தோஷம்தான், அதை நான் மறுக்கவில்லை. மூன்றாம் நாள் நீ துணி துவைக்கிற பேசினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அம்மாவின் பழைய சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டினாய். அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே "டேய்" என்றாள். தெளிவாக. பக்கவாதம் வந்த பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. ஒன்றரை வருடம் தினமும் காலையில் அவள் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைக் காட்டி, அ, ஆ என்று வாயைத் திறந்து திறந்து சொல்லிக் கொடுத்தவள் நான். நீ பேசினைக் கவிழ்த்தாய், வந்துவிட்டது. நான் எல்லாருக்கும் போன் பண்ணிச் சொன்னேன், அம்மா பேசிட்டாங்க என்று. நல்ல சேதிதானே.

நீ கிளம்பிப் போனதும் அம்மா பதினொரு நாள் வாயைத் திறக்கவில்லை. இதை உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வாசலையே பார்ப்பாள். கடைசியில் மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டியதாயிற்று. நர்ஸ் குழாயைத் தள்ளும்போது அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தது நான். செத்துக் கிடந்த வலது கையையும் ஏன் பிடித்தேன் என்று தெரியவில்லை. அன்றைக்கு முடிவெடுத்தேன். நீ வருவது அம்மாவுக்கு நல்லதில்லை. நீ வந்தால் போவாய், போனால் இவள் சாப்பிட மாட்டாள். யோசித்துப் பார்த்தால் இதில் தப்பு எதுவும் இல்லை.

எதிர்வீட்டு டிரைவரம்மா மட்டும், "அந்தப் புள்ளைய அடிக்கடி வரச் சொல்லேன்மா, முகமே தெளிஞ்சிருந்துச்சே" என்றாள். அவளுக்கென்ன, குழாயை அவள் பார்க்கவில்லை.

வீடியோவில் உன்னைப் பார்த்தால் அம்மாவுக்குப் பிரஷர் ஏறுகிறது, டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று உனக்குச் சொன்னேன். டாக்டர் சொன்னது, "ரொம்ப உணர்ச்சிவசப்பட விடாதீங்க" என்பது. பெரிய வித்தியாசம் இல்லை. நீயும் நம்பினாய். அதற்குப் பிறகு உனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது அந்தப் பண்ணை மட்டும்தான். அதையும் நிறுத்தியிருக்கலாம். உன்னைப் பக்கத்துப் பண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட ஒரு நொடி போதும். எனக்கு மனசு வரவில்லை. அது கொடுமை.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீ கேட்பாய், "அக்கா, லீவு போட்டுட்டு வரட்டுமா?"

"எதுக்குடா? அம்மா நல்லாத்தான் இருக்காங்க. பண்ணையைப் பாரு, எப்பிடிப் பச்சைப் பசேல்னு வெச்சிருக்காங்க."

"ஆமாக்கா, பாத்தேன்" என்பாய். பண்ணை நன்றாக இருந்தால் அம்மாவும் நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டாய். இந்த விளையாட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. யாருடைய பண்ணையாவது பச்சையாக இருந்தால் ஆளும் சௌக்கியம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்விடுகிறோம்.

தக்காளிக்கு வருகிறேன். போன வருடக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் என் போனில் பண்ணையைத் திறந்தால், கேட்டை ஒட்டி வேலி நெடுக, பன்னிரண்டு பாத்தியிலும் தக்காளி சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. மற்ற இடமெல்லாம் கோதுமை. எனக்குப் பார்த்த உடனேயே புரிந்துவிட்டது. முழுசாகப் பார்த்திருந்தால் உனக்கும் புரிந்திருக்கும்.

நாம் குடியிருந்த மூன்றாவது மாடி ஞாபகம் இருக்கிறதா? சலவைக் கூடத்திலிருந்து அம்மா வந்ததும் வராந்தாக் கம்பியில் சிவப்புத் துண்டை நீளமாகப் போடுவாள். பின்னால் மைதானத்தில் விளையாடுகிற நமக்கு அதுதான் மணி. "மூணு மாடியிலருந்து கத்துனா என் தொண்டை என்னத்துக்கு ஆகுறது? துண்டைப் பாத்தா ரெண்டு பேரும் வந்துடணும்" என்பாள். நீ ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பந்து உண்டு, நீ உண்டு. நான்தான் விளையாட்டுக்கு நடுவில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கம்பியையே பார்த்தபடி இருப்பேன். துண்டைக் கண்டதும் உன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவேன். அது என் வேலை.

ஒரே ஒரு நாள் உன்னைக் கூப்பிடாமல் நான் மட்டும் மேலே போனேன். எனக்கு ஒன்பது வயது, உனக்கு ஆறு. அம்மாவோடு கொஞ்ச நேரம் தனியாக இருக்கலாம் என்று தோன்றியது, வேறொன்றும் இல்லை. அம்மா கதவைத் திறந்து, என் தலைக்கு மேலே படிக்கட்டை எட்டிப் பார்த்து, "தம்பி எங்க?" என்றாள். என் கையில் தட்டைக் கொடுத்துவிட்டு, நாள் முழுக்க நின்று வீங்கிய காலோடு, உன்னைத் தேடி மூன்று மாடியும் இறங்கிப் போனாள். நான் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். சாப்பாடு ஆறிப்போனது.

ஆக, அந்த வேலிதான் கம்பி. தக்காளிதான் துண்டு. பேச்சு இல்லை, எழுத வராது, ஒரு விரல் மட்டும் இருக்கிறது. அவள் யோசித்துக் கண்டுபிடித்துவிட்டாள். காலையில் ஒன்பது மணிக்கு நான் குளிக்கப் போகிற நேரத்தில் நட்டால் மூன்று மணிக்குச் சிவக்கும். நாலு மணிக்கு நீ வந்து பார்ப்பாய். கணக்கு சொல்லிக் கொடுத்தது நான்தான்.

மணி மூன்றேகால். அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று மணி மாத்திரை அவளைச் சரியாக ஒரு மணி நேரம் தூங்க வைக்கும். நான் என் போனிலேயே பன்னிரண்டையும் பறித்தேன். அந்த இடத்தில் கோதுமை விதைத்தேன். மூன்று நிமிட வேலை. நாலு மணிக்கு நீ வந்து, வழக்கம் போலத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடினாய். அம்மா கண் விழித்து டேப்பைப் பார்த்தாள். தக்காளி இல்லை. நீ இருந்தாய்.

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உன் தொப்பியைக் காட்டி, பிறகு தக்காளி இல்லாத வேலியைக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். அவன் வந்தானா, அவனா பறித்தான் என்று கேட்கிறாள்.

"வந்தான்மா" என்றேன்.

அது பொய் இல்லை. நீ வந்தாய்தானே. இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். அன்றைக்கு அவள் கிண்ணத்தில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். முடி வாரிவிடச் சைகை காட்டினாள். அதற்கடுத்த நான்கு நாளும் லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தாள். ஐந்தாம் நாள் மறுபடி தக்காளி நட்டாள்.

மொத்தம் பத்தொன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் நான் பறித்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் தூங்கி எழும்போது நீ கோதுமைக்குள் ஓடிக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு தடவையும் கேட்டாள், நானும் வந்தான்மா என்றேன். தக்காளியை மகன் பார்த்திருக்கிறான், பறித்தும் போயிருக்கிறான், ஆனால் வரவில்லை என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பத்தாவது, பதினோராவது தடவைக்கு மேல் அவள் முகம் மலரவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்துவாள். பிறகு அதுவும் குறைந்தது. நான் அதை நல்ல அறிகுறி என்று நினைத்தேன். மனசு பழகிக்கொள்கிறது, இனி அடங்கிவிடும், குழாய்க்கு வேலை இருக்காது என்று.

நீ போட்டிருக்கிற படம் பதினேழாவது தடவை எடுத்தது. அன்றைக்கு மருந்துக் கடையில் வரிசை நீளம். நான் வரிசையில் நின்றபடியே ஒவ்வொன்றாகப் பறித்துக் கோதுமை விதைத்துக்கொண்டிருந்தேன். ஏழு பறித்திருந்தபோது என் முறை வந்தது, போனைப் பைக்குள் போட்டேன். அந்த இரண்டு நிமிடத்தில்தான், இந்தக் குரூப்பில் இருக்கிற வாத்து மாமா, தான் பரிசாகக் கொடுத்த வாத்து அம்மா பண்ணைக் கேட்டருகில் நிற்பதைப் பார்த்து ஆசையாகப் படம் எடுத்திருக்கிறார். அம்மா போன பிறகு ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று உனக்கு அனுப்பியிருக்கிறார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இருபதாவது தடவையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அம்மா வேலியோரம் மட்டும் நடவில்லை. நாற்பத்தெட்டுப் பாத்தியிலும் தக்காளி. சேர்த்து வைத்திருந்த காயின் எல்லாவற்றையும் விதையில் கொட்டியிருந்தாள். கோழி பதினொன்றையும் விற்றிருந்தாள். காலை ஏழுக்கே ஆரம்பித்திருப்பாள், ஒரு விரலால் நாற்பத்தெட்டும் நட இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அன்று எனக்குப் போன் மேல் போன், கவனிக்கவில்லை. மத்தியானம் திறந்து பார்த்தால் பண்ணை முழுக்கத் தக்காளி நாற்று. சிவந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. நீ கிரேன் கூண்டிலிருந்து அதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே விமானத்துக்கு ஓடியிருப்பாய்.

மூன்று மணி மாத்திரையை இரண்டரைக்கே கொடுத்தேன். அரை மணி முன்னால் கொடுப்பதில் ஒன்றும் ஆகிவிடாது. மூன்று மணிக்கு ஒரு அம்மாள் லைனில் இருந்தார். பிரிட்ஜில் வைத்த மருந்தெல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று அழுதுகொண்டிருந்தார். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க மேடம், பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டு, போனை எடுத்துப் பறிக்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாற்பத்தெட்டு என்பது நிறைய. பாதி பறித்திருக்கும்போது ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா தூங்கவில்லை. மாத்திரையை விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து துப்பியிருக்கிறாள். தலையணையில் ஈரமாகக் கிடந்தது. டேப் அவள் நெஞ்சின் மேல் இருந்தது. அதில் தக்காளி ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். பண்ணையில் தொப்பி இல்லை, தாவணி இல்லை, ஒரு ஆளும் இல்லை. பிறகு என் கையைப் பார்த்தாள். என் கட்டை விரல் அப்போதும் நகர்ந்துகொண்டிருந்தது. பாதியில் விட முடியாது, மணி மூன்றேகால், நாலுக்கு நீ வந்துவிடுவாய்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அம்மா சிரித்தாள். மெதுவாக, முகத்தின் ஒரு பக்கம் மட்டும். வெகு நாளாக நான் பார்க்காத சிரிப்பு. அவளுக்குத் தேவைப்பட்டது அதுதான். பிள்ளை தக்காளியைப் பார்க்கவே இல்லை, பார்த்துவிட்டு வராமல் இருந்துவிடவில்லை. அது தெரிந்ததும் என்னை மறந்தே போனாள்.

அந்தச் சிரிப்பு மன்னிப்பு என்று பல மாதம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் டேப் ரிப்பேர் என்று சொல்லி எடுத்து வைத்தேன். உனக்கும் அதைத்தான் சொன்னேன். "அம்மா பண்ணைக்கே வரலியேக்கா" என்று கேட்டாய். "டேப்பு ரிப்பேர்டா, குடுத்திருக்கேன், வந்துடும்" என்றேன். பயிர் வாடிவிடக்கூடாது என்று உன் நாலு மணிக்கு முன்னால் நானே என் போனில் கோதுமை விதைத்துப் பறித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அம்மா ஒன்பது நாள் இருந்தாள். அந்த ஒன்பது நாளும் பண்ணை பச்சையாகத்தான் இருந்தது, நீயே பார்த்தாய்.

எல்லாம் முடிந்த மறுநாள் சமையலறையில் என் பின்னால் வந்து நின்று, "அக்கா, அம்மா என்னைக் கேட்டாங்களா?" என்றாய். "அவங்களுக்குத்தான் பேச்சே வராதேடா" என்றேன். நீ சுவரில் தலையை வைத்து அழுதாய். நான் உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். உலையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

எனக்கு வலிக்காது என்று நினைக்காதே. அவள் படுத்திருந்த பள்ளம் மெத்தையில் இன்னும் இருக்கிறது. மூன்று மணிக்கு நான் இன்னும் மாத்திரை டப்பாவை எடுக்கப் போகிறேன். எனக்கும் அம்மா ஒருத்திதான் இருந்தாள், தம்பி. மூன்று வருடம் அவளைத் தூக்கினேன், துடைத்தேன், திருப்பிப் படுக்க வைத்தேன். ஒரு நாளாவது அவள் என்னை வேண்டும் என்று தேட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பக்கத்திலேயே இருக்கிற ஆளை யாரும் தேட மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆக, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அது டெக்னிக் இல்லை. விரல் தவறவும் இல்லை. அம்மா உன்னை இருபது தடவை கூப்பிட்டாள். இருபது தடவையும் துண்டைப் பார்த்தது நான். உன்னிடம் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. டேப்பை எடுத்து வைத்த பிறகு, அந்தக் கடைசி ஒன்பது நாளில், அம்மா முகம் துடைக்கிற துண்டை இடது கையால் இழுத்து இழுத்துக் கட்டில் கம்பியில் போட்டுக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இரண்டு பக்கமும் கம்பி வைத்த கட்டில், நீ பார்த்திருக்கிறாய். நீளமாகப் போட்டு, கசங்காமல் நீவி விடுவாள். நான் எடுத்து மடித்து வைப்பேன், அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே நான்காக மடித்து. திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி கம்பியில் இருக்கும். கடைசி நாள் காலையிலும் இருந்தது.

அது சிவப்பு இல்லை, வெள்ளைத் துண்டு. சிவப்பாக இருந்திருந்தால் உன்னைக் கூப்பிட்டாள் என்று நானே ஒப்புக்கொள்வேன். வெள்ளை என்பதால், அது என்னைக் கூப்பிட்டதாகத்தான் இருக்கும்.